கிளிநொச்சி வெயிலில் ஒரு நுணுக்குக்காட்டி: எட்டு மாதம் பாவித்த பிறகு

எட்டு மாதம் பாவித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே படம் எடுத்துப் போட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நம்பித்தான் நானும் வாங்கினேன். அந்த வேலையை நான் இன்னொருவருக்குச் செய்யக்கூடாது என்று இவ்வளவு நாளும் பொறுத்திருந்தேன்.

நான் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் ரியூசன் எடுக்கிறவன். தகரக் கூரை, அரைச் சுவர், ஒரு வெண்பலகை. மழை பெய்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. பரந்தனில் இருந்தும் வட்டக்கச்சியில் இருந்தும் சைக்கிளில் வருகிற பிள்ளைகள். நுணுக்குக்காட்டியை எல்லோரும் எங்கேயோ ஒருமுறை குனிந்து பார்த்திருக்கிறார்கள். பின்னால் வரிசை நிற்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுது சேர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்த பார்வை அது. தெரிந்தது தங்கள் கண்ணிமை மயிர்தான் என்று பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

வாங்கக் காரணம் ஒரு கேள்வி. குழியவன்கூடு, அதாவது கலத்துக்குள் இருக்கிற புரத இழைகளின் கூடு, படிப்பித்துக்கொண்டிருந்தேன். அக்டின் இழை 7 நனோமீற்றர், இடைத்தர இழை 10, நுண்புன்குழாய் 25 என்று அட்டவணை போட்டு, கலத்துக்கு வடிவம் கொடுக்கும், அசைவு கொடுக்கும் என்று எழுதிக்கொண்டு போகும்போது பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், வெண்குழியம் கிருமியைத் துரத்திப் பிடிக்கும் எண்டு போன கிழமை சொன்னீங்கள். புத்தகத்தில அது உருண்டையாத்தானே கிடக்கு. உருண்டைக்கு எது முன்பக்கம்?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லிப் புரிய வைக்கிற பதில் இல்லை அது. காட்ட வேணும்.

சரி, பொருளுக்கு வருவோம். மாணவர் தரக் கூட்டு நுணுக்குக்காட்டி, இரட்டைக் கண். பொருள்வில்லை நான்கு: 4, 10, 40, 100. பார்வைத்துண்டு இரண்டு சோடி: 10, 16. கீழே எல்.இ.டி. விளக்கு, உள்ளே சார்ஜ் பண்ணுகிற பற்றறி. ஸ்லைட்டைத் திருகி நகர்த்துகிற மேடை. கொழும்பில் இருந்து கூரியரில் வீட்டு வாசலுக்கு வந்து சேர 68,000 ரூபா முடிந்தது. கம்பனிப் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்லப் போகிறேன். அதோடு இதே உடம்பை நாலைந்து பெயர் ஒட்டி விற்கிறார்கள். நான் சொல்வது அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வந்து சேர்ந்த கதை சுருக்கம். ஏ9 வீதியில் எத்தனை தரம் குலுங்கியதோ தெரியாது, 40 மடங்கு வில்லை மரை கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. இடது பார்வைத்துண்டுக்குள் ஒரு மயிர். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மூன்று நாள் நீலக்கோடு மட்டும் விழுந்தது, நாலாம் நாள் "அண்ணை, கழட்டித் துடைச்சுப் பாருங்கோ" என்று பதில் வந்தது. துடைத்தேன், போனது. உத்தரவாத அட்டையில் ஒரு வருடம் என்று அச்சடித்திருக்கிறது, கடை முத்திரை இல்லை. அந்த அட்டையை நான் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.

பெட்டியில் பெரிதாக 1600 மடங்கு என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். 16ஐ 100ஆல் பெருக்கினால் 1600 வரும், கணக்குச் சரி, காட்சி பிழை. 100 மடங்கு வில்லையின் பக்கத்தில் 1.25 என்று ஓர் இலக்கம் பொறித்திருக்கும், வில்லை எவ்வளவு அகலமாக ஒளியை அள்ளுகிறது என்பதன் அளவு அது, உண்மையான விசயம் அதுதான். அதை ஆயிரத்தால் பெருக்கி வருகிற அளவுக்கு மேல் பெரிதாக்கினால் புதிதாக ஒன்றும் தெரியாது, தெரிந்த மங்கல்தான் இன்னும் பெரிய மங்கலாகும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியால் ஏறக்குறைய 0.2 மைக்ரோமீற்றருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. 200 நனோமீற்றர். நுண்புன்குழாய் அதைவிட எட்டு மடங்கு மெலிவு, அக்டின் இழை கிட்டத்தட்ட முப்பது மடங்கு மெலிவு. ஆக, குழியவன்கூட்டைப் பார்க்க ஆசைப்பட்டு இதை வாங்கினால் ஏமாந்து போவீர்கள். அது செய்கிற வேலையைப் பார்க்கலாம். எனக்குத் தேவைப்பட்டதும் அந்த வேலைதான், அதில் இந்தச் சாமான் என்னை ஏமாற்றவில்லை.

முதல் தரம் பார்த்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். வெண்குழியம் உயிரோடு ஊர்ந்து திரிய வேணும் என்றால் உடம்புச் சூடு வேணும். ஆய்வுகூடங்களில் இதற்கென்றே சூடாக்கி வைத்த மேடை இருக்கும், அதன் விலையைக் கேட்டால் எங்கள் வயலை ஈடு வைக்க வேண்டி வரும். என் வகுப்பறைத் தகரத்துக்குக் கீழே சுவரில் தொங்கும் வெப்பமானி 36 பாகை காட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தகரத்துக்கு நன்றி சொன்னேன்.

பார்மசியில் ஒருதரம் மட்டும் பாவிக்கிற ஊசி வாங்கி வைத்திருந்தேன். குத்தியது என் விரலில். பிள்ளைகளின் விரலில் குத்துவதில்லை, அவர்கள் கேட்டாலும் இல்லை, ஊசியை உடனே மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலுக்குள் போட்டுவிடுவேன். (மலேரியாக் காலத்தில் இரத்தம் குத்தி எடுக்க வந்தவர்களைக் கண்டு வேலி பாய்ந்து ஓடினவன் நான். 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பயமே தெரியாது.) கடுகளவு துளி, ஸ்லைட்டில் தொட்டு, மேலே மூடுகண்ணாடியை விழுத்தி, காயாமல் இருக்க நாலு விளிம்பிலும் வசிலின் பூசி, பத்து நிமிடம் சும்மா விட்டேன். வெண்குழியங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள அந்த நேரம் வேணும்.

இங்கேதான் பெட்டியோடு வந்த சாமானின் லட்சணம் தெரிந்தது. கொடுத்திருந்த மூடுகண்ணாடி கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக். 40 மடங்கு வில்லையில் 0.17 என்று பொறித்திருக்கிறார்கள். 0.17 மில்லிமீற்றர் தடிப்பான கண்ணாடிக்கென்று செய்த வில்லை என்று அதற்கு அர்த்தம். அதே பெட்டிக்குள் தடிப்பான பிளாஸ்டிக்கை வைத்து அனுப்பினால் பனிமூட்டத்துக்குள் பார்த்த மாதிரித்தான் இருக்கும். முதல் நாள் முழுக்கக் கண்ணை நொந்துகொண்டேன். பிறகு யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடச் சாமான் விற்கிற இடத்தில் நல்ல கண்ணாடி ஒரு பெட்டி வாங்கிவந்து போட, அதே நுணுக்குக்காட்டி வேறு ஆளாகிவிட்டது. நீங்கள் வாங்கினால் முதல் வேலை அந்தப் பிளாஸ்டிக்கைக் குப்பையில் போடுவது.

வெண்குழியத்தைத் தேடக் கொஞ்சம் பொறுமை வேணும். ஆயிரம் செங்குழியத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கிடக்கும். 10 மடங்கு பார்வைத்துண்டின் விளிம்பில் 18 என்று இருக்கிறது, அதை 40ஆல் வகுத்தால் 0.45 மில்லிமீற்றர். 40 மடங்கு வில்லையில் தெரிகிற வட்டத்தின் குறுக்களவு அது. அந்த வட்டத்துக்குள் ஒன்றோ இரண்டோ அகப்படும். கீழே வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி, துளையைச் சுருக்கி, வெளிச்சத்தைக் குறைத்தால்தான் நிறமில்லாத கலம் எழும்பித் தெரியும். எல்லோரும் விளக்கைக் கூட்டிக்கூட்டித்தான் கலத்தைத் தொலைக்கிறார்கள்.

அகப்பட்டது ஒரு நியூட்ரோபில். வெண்குழியங்களில் பாதிக்கு மேல் இந்த ஆட்கள்தான். உருண்டை, உள்ளே மணல் மாதிரிச் சிறுமணிகள், அவை ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடத்துக்கு வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பக்கத்தில் ஒரு மெல்லிய பாவாடை மாதிரி ஒன்று விரிந்தது. கண்ணாடி போலத் தெளிவு, அதற்குள் ஒரு மணிகூட இல்லை. விரிந்தது கொஞ்சம் சுருங்கியது, திரும்ப விரிந்தது, அப்புறம் மணிகள் எல்லாம் அந்தப் பக்கமாகக் குடம் சரித்தது போல ஓடின, அவற்றுக்குப் பின்னால் துண்டு துண்டாக இருக்கும் அந்தக் கரு இழுபட்டு வந்தது. எதிர்ப்பக்கம் ஒடுங்கி ஒரு சின்ன வாலாகி, அந்த வாலில் ஒரு செங்குழியம் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. உருண்டைக்கு முகமும் வாலும் வந்துவிட்டது. கேள்வி கேட்ட பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பத்து நிமிடம் எழும்பவில்லை, பின்னால் நின்றவர்கள் கதிரையை ஆட்டியும் எழும்பவில்லை.

வேகம் நிமிடத்துக்குப் பத்து மைக்ரோமீற்றர் அளவு, அதாவது ஒரு செங்குழியத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. கண்ணால் பார்த்தால் மணிக்கூட்டுப் பெரிய முள் மாதிரித்தான். பிள்ளைகள் எல்லோரும் யூடியூப்பில் பார்த்த துரத்தல் காட்சியை எதிர்பார்த்திருந்தார்கள். 1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் பிலிமில் எடுத்தது, பூனை எலியைத் துரத்துவது போல ஒரு நியூட்ரோபில் பக்டீரியாவின் பின்னால் ஓடும். அது வேகம் கூட்டிய படம் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. நாங்களும் செய்தோம். போனைப் பார்வைத்துண்டில் பொருத்தி ஐந்து செக்கனுக்கு ஒரு படமாக அரை மணித்தியாலம் விட்டால் 360 படம், ஓட்டினால் பதினைந்து செக்கன் வீடியோ. அதில் எங்கள் ஆளும் ஓடினார்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். என் ஸ்லைட்டில் கிருமி இல்லை, வாசம் பிடிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் அது ஒரு பக்கத்தை முகமாக எடுத்துக்கொண்டது. கிருமியின் வாசத்தை அறிகிற வாங்கிகள் நியூட்ரோபிலின் மேல் ஒரு பக்கத்தில் குவிந்து கிடக்கவில்லை, எல்லாப் பக்கமும் சமனாகத்தான் பரவியிருக்கின்றன. கலத்தின் முன்னுக்கும் பின்னுக்கும் வாசத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதம் வித்தியாசம் இருந்தாலே திசை பிடித்துவிடும், வித்தியாசமே இல்லாமல் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஊற்றினாலும் குருட்டுவாக்கில் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்துகொண்டு நடக்கும். ஆக, முகம் என்பது வெளியில் இருந்து வருகிறதல்ல. வெளியில் இருந்து வருவது ஒரு சின்னச் சாட்டு மட்டும், முகத்தைக் கட்டுவது உள்ளே இருக்கிற கூடு.

எப்படிக் கட்டுகிறது என்பதற்கு நான் சொல்லிக்கொடுத்தது மாட்டுப் பட்டி. வயலுக்கு எரு ஏற்ற எங்கள் பக்கம் பட்டியை இடம் மாற்றி மாற்றி அடைப்பார்கள்தானே. பின்பக்கத்துக் கட்டையைப் பிடுங்கி முன்பக்கம் நடுவார்கள், கட்டைகள் அதே கட்டைகள், பட்டி மட்டும் நகர்ந்துகொண்டே போகும். அக்டின் இழை செய்வதும் இதுதான். முன்முனையில் புது அலகுகள் வந்து ஒட்டும், பின்முனையில் கழன்று விழும், விழுந்தது திரும்ப முன்னுக்கு வரும். அதோடு முன்பக்கத்தில் ஆர்ப் 2/3 என்ற புரதக் கூட்டு ஒன்று பழைய இழையின் முதுகில் 70 பாகையில் புதுக் கிளை விட வைக்கிறது. கிளைக்கு மேல் கிளை, அலம்பல் வேலி மாதிரி. அந்த வேலி வளர்ந்து மென்சவ்வை உள்ளிருந்து தள்ளுவதுதான் நாங்கள் பார்த்த அந்தப் பாவாடை. மணிகள் அதற்குள் போகாததும் வேலி அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான்.

பின்பக்கத்தில் வேறு வேலை. அங்கே அக்டினோடு மயோசின் என்ற புரதம் சேர்ந்து, தசையில் நடக்கிற அதே இழுவை, கலத்தின் பின்புறத்தை இடியப்ப உரல் மாதிரிப் பிழிகிறது. முன்னுக்கு ஆணை கொடுக்கிறது ராக் என்ற புரதம், பின்னுக்கு ரோ. இரண்டும் ஒன்றையொன்று அண்ட விடாது. ராக் இருக்கிற இடத்தில் ரோ அடங்கும், ரோ இருக்கிற இடத்தில் ராக் அடங்கும், நடுவில் சமரசம் இல்லை. ஒரே ஊரில் இரண்டு கோயில் நிர்வாக சபை இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன், வகுப்பு சிரித்தது, ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பா தலைவர்.

இன்னொரு கேள்வியும் வந்தது: ஒரு முகம் வந்த பிறகு பக்கத்தில் இரண்டாவது முகம் ஏன் வரவில்லை? இதற்குத் தறப்பாள். 2009க்குப் பிறகு தறப்பாள் கட்டத் தெரியாத வீடு எங்கள் பக்கம் இல்லை. ஒரு மூலையைத் தடி கொடுத்து உயர்த்தினால் முழுத் தறப்பாளும் இறுகும், இறுகிய பிறகு எதிர்மூலையை எவ்வளவு தள்ளினாலும் எழும்பாது. கலத்தின் மென்சவ்வும் அப்படித்தான் இறுகுகிறது. முந்தி விரிந்த முகம் இழுத்த இழுவையில் மற்றப் பக்கங்கள் முகமாக முடியாமல் போகின்றன. 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் நியூட்ரோபிலின் மென்சவ்வை ஒரு நுண்ணிய குழாயால் உறிஞ்சி இறுக்கிப் பார்த்தார்கள், ஏற்கெனவே இருந்த முகமே அடங்கிப்போனது. வேதிப்பொருள் பரவித் தடுக்கிறது என்று நம்பியிருந்த இடத்தில் வெறும் இழுவை அந்த வேலையைச் செய்கிறது என்று வந்தது. எனக்கு இந்தப் பாடம் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இது.

கரு இதில் பெரிய ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேணும். நியூட்ரோபிலைச் சூடாக்கிப் பிரித்தெடுத்த கருவில்லாத துண்டுகள்கூட ஊர்ந்து போயிருக்கின்றன. கூடும் மென்சவ்வும் இருந்தால் போதும், நடை வந்துவிடும்.

அடுத்த கிழமை ஒரு சின்னச் சோதனை செய்தோம். பக்கத்துக் கூல்பாரில் ஐஸ் கட்டி வாங்கி, பொலித்தீனில் சுற்றி, ஸ்லைட்டை அதன்மேல் இரண்டு நிமிடம் வைத்தோம். மேடையில் திரும்ப வைத்தபோது மூடுகண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது, துடைக்க வேண்டி வந்தது, அதற்குள் பாதிக் குளிர் போய்விட்டது. இருந்தும் ஆட்கள் எல்லோரும் உருண்டையாகச் சுருண்டு கிடந்தார்கள். முகம் இல்லை, வால் இல்லை, புத்தகப் படம் மாதிரி. சூடு ஏற ஏற ஒவ்வொருவராக விரிந்தார்கள். முன்பு கிழக்கே போன ஆள் இப்போது வடக்கே போனார். இதற்காகவாவது ஸ்லைட்டை நகர்த்துகிற திருகு மேடை உள்ளதை வாங்குங்கள். இரண்டு இலக்கத்தைக் குறித்து வைத்தால் அதே கலத்திடம் திரும்பிப் போகலாம். விலை குறைந்த மொடலில் வெறும் கிளிப் மட்டும்தான், எடுத்து வைத்த பிறகு அதே ஆளைத் தேடிப் பிடிக்கவே ஏலாது.

நுண்புன்குழாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள், ஏனென்றால் அது எங்கள் வேலியில் பூக்கிற கதை. கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கில் கொல்கிசின் இருக்கிறது. அது நுண்புன்குழாயின் அலகான டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு நுண்புன்குழாய் கட்டுப்படாமல் தடுக்கும். அதே மருந்தைக் கவுட் வாதத்துக்கு வைத்தியர்கள் மிகக் குறைந்த அளவில் கொடுப்பது, வீங்கிய மூட்டுக்குள் நியூட்ரோபில்கள் குவிந்து அட்டகாசம் செய்வதை அடக்கத்தான். நுண்புன்குழாயைக் கரைத்துவிட்டால் நியூட்ரோபில் நின்றுவிடும் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். நிற்காது. முகமும் வாலும் வரும், ஊரும், ஆனால் நேரே போகாது, வெறித்தவன் நடை. நுண்புன்குழாயில் கட்டுண்டு கிடந்த ஒரு புரதம் அவிழ்ந்து ரோவை உசுப்பிவிட, பின்பக்கப் பிழிவும் கூடிப்போகும். ஓட வைப்பது அக்டின், ஒரே திசையில் வைத்திருப்பது நுண்புன்குழாய் என்று நான் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். "சேர், கிழங்கு கொண்டு வரட்டா, சாறு விட்டுப் பார்ப்பம்" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் கிழங்கைத் தொடக்கூடாது என்று அரை மணித்தியாலம் பேசினேன். வேறு கிழங்கென்று நினைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். முதலில் சத்தியும் வயிற்றோட்டமும், சில நாளில் என்புமச்சை அடங்கி வெண்குழியமே வற்றிப்போகும். அழகுக்குப் பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

இந்த நுணுக்குக்காட்டியால் ஏலாதவை நிறைய. தொற்றிய கலங்களைக் கொல்லுகிற வெண்குழிய வகையான டி கலம் பற்றிய பாடத்துக்கு இது உதவாது. ஊர்ந்து திரியும்போது டி கலத்தின் நுண்புன்குழாய்கள் புறப்படும் மையமான சென்ட்ரோசோம் கருவுக்குப் பின்னால் வால் பக்கம் கிடக்கும். வைரசு தொற்றிய கலம் ஒன்றை முட்டினால் சில நிமிடத்துக்குள் அது அப்படியே முன்னுக்கு வந்து தொட்ட இடத்தில் நிற்கும். கொல்லுகிற நஞ்சுச் சிறுமணிகள் நுண்புன்குழாய் வழியே அங்கே வந்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் இறங்கும், பக்கத்தில் நிற்கிற நல்ல கலத்துக்குச் சேதம் வராது. லொறியைப் பின்னுக்கு எடுத்து கடை வாசலில் சாமான் இறக்குவது போல என்று சொன்னேன், பிறகு திருத்தினேன்: லொறி திரும்புவதில்லை, சாமான் தட்டு மட்டும் முன்னுக்கு வருகிறது. இதைப் பார்க்க ஒளிரும் சாயமும் லேசரும் வேணும், பலகையில் கீறித்தான் காட்டினேன். ஆர்ப் 2/3ஐத் தட்டி எழுப்புகிற புரதம் ஒன்று பிறவியிலேயே பழுதானால் விஸ்கொட் ஓல்ட்ரிச் நோய் வரும், ஆண் பிள்ளைகளுக்கு, அடிக்கடி தொற்று, இரத்தக் கசிவு, சருமத்தில் சிரங்கு. அந்தப் பரம்பரை அலகை 1994இல் கண்டுபிடித்தார்கள். இதையும் வாயால்தான் சொன்னேன்.

மற்றக் குறைகள். 100 மடங்கு வில்லைக்கு எண்ணெய் விட வேணும், ஆனால் ஈரமான இரத்தத் துளியில் எண்ணெய் விட்டால் வில்லை நகரும்போது மூடுகண்ணாடியையும் சேர்த்து இழுக்கும், எனக்கு ஒன்று வெடித்தே போனது. 100ஐ லீஷ்மன் சாயம் போட்டுக் காய்ந்த ஸ்லைட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கருவின் மூன்று நாலு சோணைகள் ஊதா நிறத்தில் அருமையாக வரும். கூட வந்த போன் பிடி தகரம் மாதிரி ஆடுகிறது, நான் பி.வி.சி. குழாய்த் துண்டும் ரப்பர் பட்டியும் வைத்துச் செய்த பிடிதான் இப்போதும் ஓடுகிறது. பற்றறி கரண்ட் போனால் இரண்டரை மணித்தியாலம் தாங்கியது, இப்போது இரண்டுக்கு வந்துவிட்டது. நுண்திருகு சோளகக் காலத்துக் கிரவல் தூசியில் கொஞ்சம் இறுகியிருக்கிறது. பெட்டியோடு வந்த ஆயத்த ஸ்லைட்டுகளில் ஒன்றில் "தேனீயின் கால்" என்று எழுதியிருந்தது, என் பார்வைக்கு அது நுளம்பு.

யார் வாங்கலாம்? ஒரு வகுப்பு வைத்திருக்கிறவர், அல்லது வீட்டில் ஒரு பிள்ளை இதிலேயே கிடக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தவர். விரலில் குத்த மனமில்லாவிட்டால் இரணைமடுக் குளத்து ஓரத்தில் அழுகிய இலையோடு ஒரு போத்தல் தண்ணீர் அள்ளி வாருங்கள், அமீபா அகப்பட்டால் 10 மடங்கு வில்லையே போதும், அதுவும் அக்டினை வைத்துத்தான் கால் நீட்டுகிறது. அலங்காரத்துக்கு வாங்குகிறவர்களும் 1600 மடங்கில் பக்டீரியாவின் உள்வீட்டைப் பார்க்க நினைப்பவர்களும் காசை மிச்சம் பிடியுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கண்ணாடியை ஒழுங்காகப் போட்டு அனுப்பியிருந்தால் நாலு.

மாரி வரப் போகிறது. போன மழைக்கே வில்லையில் பூஞ்சணம் பிடிக்கப் பார்த்தது, இப்போது அரிசிப் பேணிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு பூட்டி வைத்திருக்கிறேன். செருப்புப் பெட்டிகளில் இருந்து பொறுக்கிச் சேர்த்த பைகள் அவை, முடிந்துகொண்டு வருகின்றன. வவுனியாவில் எங்கேயாவது கிலோக் கணக்கில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.